‘லிங்க் இல்லை’ என்ற சொல்லுக்குப் பின்னால்

வங்கிக் கிளைக்குச் சென்று வரும் எவரும் என்றேனும் ஒருநாள் கேட்டிருக்கக்கூடிய சொல், ‘லிங்க் இல்லை’ என்பது. கணக்கில் பணம் இருக்கிறது. காசாளர் இருக்கையில் இருக்கிறார். பெட்டகத்தில் நோட்டுக் கட்டுகளும் இருக்கின்றன. ஆயினும் பணம் எடுக்க இயலவில்லை. நகரத்தில் இச்சொல்லைக் கேட்பவர் அடுத்த தெருவிலுள்ள ஏ.டி.எம். நோக்கி நடந்துவிடுவார். மலைப்பகுதியில் வாழ்வோருக்கு அந்த வசதி இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியே அங்குச் செல்ல வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு அது மேகம் தவழும் மலைமுகடு. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோருக்கோ, விதுரைக்கோ நெடுமங்காட்டுக்கோ இறங்கிச் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையும் ஒரு நாள் வேலையாகும். கூலியோ, முதியோர் ஓய்வூதியமோ, பிள்ளையின் கல்விக் கட்டணமோ எதுவாயினும், வங்கிக்கு வந்த நாளில் லிங்க் இல்லையெனில் அவர் இழப்பது பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் ஆகும்.

அந்த ‘லிங்க்’ என்பது எது? அதற்கான கருவிகளைச் செய்பவர் யார்? அத்தொழிலைப் பற்றி நாம் என்ன கருத்துக் கொள்ளலாம்? வங்கியின் கணினி வலையமைப்பைப் பற்றி வாடிக்கையாளருக்கு எதற்கு என்று எண்ண வேண்டியதில்லை. பெட்டகத்தின் பூட்டு உறுதியானதா என்று அறிய விரும்புபவர், பணம் இன்று எந்த வழியாகப் பயணம் செய்கிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி ஒன்றே: வலையமைப்பின் உறுதி, கருவியின் மேல் பொறித்துள்ள பெயரால் வருவதன்று; மாற்று வழி இருப்பதாலும், கருவியை மாற்ற இயல்வதாலும், நாள்தோறும் பராமரிப்பதாலும் வருவது.

பேரேட்டிலிருந்து வலையமைப்புக்கு

ஒரு காலத்தில் வாடிக்கையாளரின் கணக்கு அவருடைய கிளையிலேயே இருந்தது. தடித்த பேரேட்டில் அவருக்கென ஒரு பக்கம். அதில் எழுத்தர் கையால் எழுதிய பற்றும் வரவும். தொலைபேசி பழுதானாலும் மின்சாரம் நின்றாலும் அந்தப் பக்கம் அங்கேயே இருந்தது. ஆனால் அக்கணக்கிலிருந்து வேறு ஊரில் பணம் எடுக்க வேண்டுமானால் வரைவோலையும் பல நாள் காத்திருப்பும் தேவைப்பட்டன.

1984 இல் டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளைக் கணினிமயமாக்குவது குறித்து அளித்த அறிக்கையும், 1989 இல் அவர் தலைமையிலேயே அமைந்த இரண்டாவது குழுவின் அறிக்கையும் மாற்றத்துக்கு அடித்தளமிட்டன. 1996 இல் ரிசர்வ் வங்கி ஐதராபாத்தில் ஐ.டி.ஆர்.பி.டி. என்னும் வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தியது. அந்நிறுவனம் 1999 இல் ‘இன்ஃபினெட்’ என்ற தனி வலையமைப்பை வங்கிகளுக்காகத் தொடங்கியது. தொடக்கத்தில் அது வி-சாட் எனப்படும் சிறு செயற்கைக்கோள் தட்டுகளையே பெரிதும் நம்பியிருந்தது. 2004 மார்ச்சில் ஆர்.டி.ஜி.எஸ்., 2005 நவம்பரில் நெஃப்ட், 2016 இல் யு.பி.ஐ. எனப் பணப்பரிமாற்ற முறைகள் ஒவ்வொன்றாக வந்தன. நெஃப்ட் 2019 டிசம்பரிலும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கின.

இதற்கிடையில் ‘கோர் பேங்கிங்’ முறை வந்தபோது, பேரேடு கிளையை விட்டு வெளியேறிப் பெருநகரத்தின் தரவு மையத்தில் குடியேறியது. இன்றைய கிளை, அப்பேரேட்டைப் பார்ப்பதற்கான ஒரு சாளரம் எனலாம். எந்த ஊரிலிருந்தும் கணக்கை இயக்கலாம் என்பது நாம் பெற்ற வசதி. சாளரத்துக்கும் பேரேட்டுக்கும் இடையிலான வழி அடைபட்டால் எதுவும் நடவாது என்பது அதற்கு நாம் கொடுத்த விலை.

பணம் செல்லும் பாதை

கிளையில் கணினிகள் அனைத்தும் முதலில் ‘ஸ்விட்ச்’ என்னும் கருவியில் இணைகின்றன. அது கிளைக்குள்ளேயே தகவலை உரிய கணினிக்குப் பிரித்தனுப்புவது. அடுத்தது ‘ஃபயர்வால்’. வாயிற்காவலர் வருவோர் போவோரைச் சோதிப்பதுபோல, அனுமதிக்கப்பட்ட தகவலை மட்டும் அது உள்ளும் புறமும் விடும். மூன்றாவது ‘ரவுட்டர்’. அஞ்சலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் ஊழியரைப் போல, தகவலின் முகவரியைப் படித்து எவ்வழியே அனுப்ப வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. அதன்பின் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஒளியிழை வடம், செப்புக் கம்பி, செல்பேசிக் கோபுரம், வி-சாட் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழியே தகவல் தரவு மையத்தை அடைகிறது. அங்கும் இதே வரிசையில் கருவிகள் உண்டு. அளவில் மட்டும் பெரியவை.

இவ்வழிகள் ஒன்றுக்கொன்று நிகரானவை அல்ல. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆதலால் திருவனந்தபுரத்திலிருந்து மும்பைக்குத் தகவல் செல்ல நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். வி-சாட் தொடர்பில் தகவல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க வேண்டும். ஒரு கேள்வி சென்று அதற்கு விடை திரும்ப ஏறக்குறைய அரை நொடி ஆகும். ஒரே பரிவர்த்தனையில் இத்தகைய கேள்வி பதில்கள் பல நிகழ்வதால், கவுன்டரில் நிற்பவருக்கு அது பல நொடித் தாமதமாகத் தெரிகிறது. கனமழையில் சிலவகைச் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வலுவிழப்பதும் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் பொன்முடிப் பகுதி போன்ற இடத்தில் இது சிறிய குறையன்று.

ஆயினும் வி-சாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. சாலையில் மண் சரிந்தாலும், மரம் விழுந்தாலும், யாரோ குழாய் பதிக்கத் தோண்டினாலும் அது அறுவதில்லை. ஒளியிழை வேகமானது, ஆனால் பெரும்பாலும் சாலையோரக் குழியில் கிடப்பது. மலைச்சாலை சரியும்போது வடமும் அதனுடன் சரிகிறது. வேகத்தைக் கொண்டு மட்டும் ஒரு வழியை உயர்ந்தது என்று கூற இயலாது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டு வடம், ஒரே குழி

ஒரு வழி அடைபட்டால் மறுவழி இருக்கட்டும் என்று கிளைகளுக்கு இரண்டு இணைப்புகள் தருவது வழக்கம். இரண்டையும் இருவேறு நிறுவனங்களிடம் வாங்குவதும் வழக்கமே. ஆயினும் இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றுண்டு. ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் மற்றொரு நிறுவனத்தின் வடத்தை வாடகைக்கு எடுத்துத் தன் பெயரில் சேவை வழங்கலாம். அல்லது இரு நிறுவனங்களின் வடங்களும் ஒரே சாலையோரக் குழியில் அடுத்தடுத்துக் கிடக்கலாம். கட்டணச் சீட்டுகள் இரண்டு. மண்வெட்டி ஒன்று விழுந்தால் அறுவதும் இரண்டும்.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே மத்தியதரைக் கடலில் இரு கடலடி வடங்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையத் தொடர்பு பெரிதும் பாதிக்கப்பட்டது. வெவ்வேறு பெயர் கொண்ட வடங்கள் ஒரே கடற்பகுதி வழியாகச் சென்றதே அதற்குக் காரணம். சாலையோரக் குழிக்கும் இதே பாடம் பொருந்தும். இணைப்பு வாங்கும்போது ‘எத்தனை நிறுவனங்கள்’ என்று எண்ணுவதைவிட, ‘எத்தனை பாதைகள்’ என்று கேட்டு, வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதே முறை. ஒன்று தரைவழி, மற்றொன்று வான்வழி என அமைந்தால் மேலும் நன்று.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் சூரல்மலை, முண்டக்கைப் பகுதிகளில் நிலச்சரிவு நேர்ந்தபோது, சூரல்மலையில் இருந்த பி.எஸ்.என்.எல். கோபுரம் மீட்புப் பணிக்குப் பெருந்துணையாயிற்று. மின்சாரம் இல்லாத நிலையில் டீசல் ஜெனரேட்டரைக் கொண்டு அது இயக்கப்பட்டது; விரைவில் 4ஜி வசதியும் அளிக்கப்பட்டது. வணிகக் கணக்கில் மட்டும் பார்த்தால், மலையோரத்தில் கோபுரம் வைப்பது இலாபம் தராத செலவாகத் தோன்றலாம். அத்தகைய செலவின் பயன் ஒருநாளில்தான் தெரியவருகிறது. அந்த ஒருநாளில் அதற்கு மாற்றாக எதையும் புதிதாக வாங்கிவிட முடியாது.

கருவி செய்வோரின் உலகம்

இனிக் கருவி வழங்கும் நிறுவனங்களுக்கு வருவோம். அமெரிக்காவின் சிஸ்கோ 1984 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தம்பதியரால் தொடங்கப்பட்டது. 2000 மார்ச்சில் சில நாள்களுக்கு உலகிலேயே மிக அதிகச் சந்தை மதிப்புடைய நிறுவனமாக அது விளங்கியது. சீனாவின் ஹுவாவே 1987 இல் ஷென்சென் நகரில் தோன்றியது. ஜூனிப்பர் நிறுவனத்தை 1996 இல் நிறுவியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பிரதீப் சிந்து.

இத்தொழிலில் நிறுவனங்கள் தோன்றிய வேகத்திலேயே மறைந்தும் உள்ளன. ஒரு காலத்தில் கனடாவின் பெருமையாக விளங்கிய நார்டெல் 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஈதர்நெட் முறையைப் பரப்பிய 3காம் நிறுவனத்தை 2010 இல் எச்.பி. வாங்கியது. அந்த எச்.பி.யிலிருந்து பிரிந்த எச்.பி.இ. நிறுவனம் 2025 இல் ஜூனிப்பரையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நிறுவனம் கைமாறினாலும், கிளையின் சுவரில் பொருத்திய கருவி அங்கேயே இருக்கிறது. அதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா, மென்பொருள் திருத்தம் வருமா, ஒப்பந்தத்தைப் புதிய உரிமையாளர் எந்த விலைக்குப் புதுப்பிப்பார் என்பனவே வாங்கியவருக்கு எஞ்சும் கேள்விகள்.

நம் நாட்டின் முயற்சிகளும் குறைந்தவை அல்ல. 1984 இல் சி-டாட் தொடங்கப்பட்டது. வெப்பத்தையும் தூசியையும் தாங்கி, குளிர்சாதன வசதியின்றி இயங்கக்கூடிய ஊரகத் தொலைபேசி இணைப்பகத்தை அது வடிவமைத்தது. 1986 இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது முதன்முதலாக நிறுவப்பட்டது. இந்தியக் கிராமத்தின் நிலைமையை அறிந்து செய்த கருவி என்பதே அதன் சிறப்பு. 2000 இல் பெங்களூரில் தோன்றிய தேஜஸ் நெட்வொர்க்ஸ் இன்று டாடா குழுமத்தைச் சேர்ந்தது. சி-டாட், தேஜஸ், டி.சி.எஸ். ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய உள்நாட்டு 4ஜி அமைப்பு, பி.எஸ்.என்.எல். வலையமைப்பில் 2025 செப்டம்பரில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது.

கருவி எங்கிருந்து வருகிறது என்பது இன்று பாதுகாப்புப் பொருளும் ஆகிவிட்டது. தொலைத்தொடர்புத் துறைக்கான தேசியப் பாதுகாப்பு நெறிமுறைக்கு மத்திய அரசு 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. 2021 ஜூன் 15 முதல், நம்பகமான மூலத்தினின்று வந்தவை என அறிவிக்கப்பட்ட கருவிகளையே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் புதிதாக இணைக்க வேண்டும் என்பது விதி. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் உள்நாட்டுக் கருவி என்பதனாலேயே சோதனையின்றி ஏற்பதும், வெளிநாட்டுக் கருவி என்பதனாலேயே ஒதுக்குவதும் பொருந்தா. இரண்டும் ஒரே சோதனையில் தேற வேண்டும்.

காசோலை கற்பிக்கும் பாடம்

ஒரே நிறுவனத்தின் கருவிகளையே எல்லாக் கிளைகளிலும் வைப்பதா, பல நிறுவனங்களின் கருவிகளைக் கலந்து வைப்பதா என்பது இத்துறையில் நீண்டகால விவாதம். ஒரே நிறுவனம் என்றால் பொறியாளருக்குப் பயிற்சி எளிது. பழுது நேர்ந்தால் பொறுப்பைத் தட்டிக்கழிக்க ஆளில்லை. உதிரிப்பாகத்தைக் கிளைக்குக் கிளை மாற்றிக்கொள்ளலாம். இவற்றை மறுக்க இயலாது. ஆனால் அந்நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு குறை தோன்றினால் அது எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் தோன்றும். விலையைப் பேசும் வலிமையும் காலப்போக்கில் வாங்குபவரை விட்டு விற்பவரிடம் சென்றுவிடும்.

இதற்குத் தீர்வு பொதுத் தரத்தில் உள்ளது. காசோலையை எண்ணிப் பார்ப்போம். எந்த வங்கியின் காசோலையையும் எந்த வங்கியிலும் செலுத்த இயல்கிறது. அதன் அளவு, நீர்க்குறி, அடியில் அச்சிட்ட எண்வரிசை ஆகியவை அனைத்து வங்கிகளுக்கும் பொதுவான சி.டி.எஸ்.-2010 தரத்துக்கு உட்பட்டிருப்பதே காரணம். வலையமைப்பிலும் அவ்வாறே, ஐ.இ.டி.எஃப். என்னும் பன்னாட்டு அமைப்பு வெளியிடும் பொது நெறிமுறைகள் உள்ளன. அவற்றைப் பின்பற்றும் கருவிகள், யார் செய்தவையாயினும் ஒன்றோடொன்று பேசும். சில நிறுவனங்கள் தமக்கென்று தனி நெறிமுறைகளையும் வைத்துள்ளன. சிஸ்கோவின் இ.ஐ.ஜி.ஆர்.பி. நெறிமுறை நெடுங்காலம் அவ்வாறு இருந்து, 2016 இல் பொது ஆவணமாக வெளிவந்தது. தனி நெறிமுறை வசதியானதாகவே இருக்கலாம். ஆனால் அதன்மேல் வலையமைப்பை எழுப்பியவர் பின்னாளில் வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால், வீட்டின் அடித்தளத்தையே மாற்றுவது போன்ற வேலையாகும். எனவே இரு நிறுவனங்களாயினும் ஒன்றேயாயினும், பொது நெறிமுறையில் அமைத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

மலிவும் பெயரும்

2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், நியூயார்க்கிலிருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து 95 கோடி டாலர் வரை மாற்ற முயன்றனர். பெரும்பகுதி தடுக்கப்பட்டது, எனினும் 8 கோடியே 10 இலட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குச் சென்றுவிட்டது. அவ்வங்கியின் பணப்பரிமாற்ற அறையில் ஃபயர்வால் இருக்கவில்லை என்றும், பயன்படுத்தப்பட்ட ஸ்விட்சுகள் சுமார் 10 டாலர் விலையுள்ள பழைய கருவிகள் என்றும் விசாரணை அதிகாரி ஒருவர் கூறியதாக அன்றைய செய்திகள் தெரிவித்தன. ஒரு நாட்டின் சேமிப்பைக் காக்க வேண்டிய இடத்தில் சில ஆயிரம் ரூபாய் மிச்சப்பட்டதன் விளைவை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

விலையுயர்ந்த பெயர் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2023 அக்டோபரில் சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ. மென்பொருளில் கண்டறியப்பட்ட குறையைப் பயன்படுத்தி உலகெங்கும் பல்லாயிரம் கருவிகளில் ஊடுருவினர். கருவியை நிர்வகிக்கும் இணையப் பக்கம் பொது இணையத்துக்குத் திறந்து வைக்கப்பட்டிருந்த இடங்களே இலக்காயின. நிறுவனம் சில நாள்களில் திருத்தத்தை வெளியிட்டது. நிர்வாகப் பக்கத்தை முன்பே மூடி வைத்திருந்தோர் தப்பினர். அதே கருவி ஓரிடத்தில் காவலனாயிற்று. மற்றோரிடத்தில் திறந்த கதவாயிற்று. வேறுபாடு பராமரிப்பில் இருந்தது.

பராமரிப்பைப் பற்றிக் கூறும்போது ‘ஆதரவுக் காலம்’ என்பதையும் அறிய வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தேதிக்குப் பின் திருத்தங்கள் வெளிவருவது நின்றுவிடும். அதன்பின்னும் கருவி இயங்கும். பச்சை விளக்கும் எரியும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் குறைகளுக்கு மருந்து கிடையாது. ஆகவே வாங்கும் விலையைவிட, ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கான பராமரிப்பு ஒப்பந்தம், உரிமக் கட்டணம், மாற்றுக் கருவி ஆகியவற்றைச் சேர்த்த மொத்தச் செலவே உண்மையான விலை. வீட்டுக் கடனில் மாதத் தவணையை மட்டும் பாராமல் மொத்த வட்டியையும் கணக்கிடுமாறு வாடிக்கையாளருக்குச் சொல்கிறோம். அதே கணக்கு இங்கும் பொருந்தும்.

கேரளத்தின் கே-ஃபோன்

கேரள அரசு 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைத்த கே-ஃபோன் திட்டம் இவ்விடத்தில் கருதத்தக்கது. சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டம், ஏறத்தாழ 30,000 அரசு அலுவலகங்களையும் 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களையும் இணைக்கும் இலக்குடன் வகுக்கப்பட்டது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் தலைமையில், ரெயில்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் கொண்ட கூட்டமைப்பு இதனை நிறைவேற்றும் பணியை ஏற்றது.

இத்திட்டத்தில் நம் கவனத்தை ஈர்ப்பது மின்வாரியத்தின் பங்கு. உயர் அழுத்த மின்கோபுரங்களின் உச்சியில், இடியைத் தாங்குவதற்காக ஒரு கம்பி செல்லும். அதன் நடுவே ஒளியிழையைப் பொதிந்து வைத்தால் அதுவே தகவல் வழியும் ஆகிறது. சாலையோரம் தோண்ட வேண்டியதில்லை. சாலை சரிந்தாலும் வடம் அறுவதில்லை. மலைகளும் ஆறுகளும் நிறைந்த மாநிலத்துக்கு இது பொருத்தமான முறையே. ஏற்கெனவே உள்ள கோபுரத்தைப் புதிய பணிக்குப் பயன்படுத்துவதால் சிக்கனமும் ஆகும்.

இதே கம்பிவடம் எங்கே செய்யப்பட்டது, அதன் உட்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்ததா, ஒப்பந்த நிபந்தனைகள் காக்கப்பட்டனவா என்ற கேள்விகள் பொதுவெளியில் எழுந்ததையும் வாசகர்கள் அறிவர். அவ்விவாதத்தில் ஒரு தரப்பை ஏற்பது நம் நோக்கமன்று. பொருள் எங்கே, யாரால் செய்யப்பட்டது என்பதற்கான சான்றை, வடம் கோபுரத்தில் ஏறுவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்வது எளிது. ஏறிய பின்பு எழும் ஐயம் எளிதில் தீர்வதில்லை. எந்த நிறுவனமும் கொள்முதலில் கைக்கொள்ளத்தக்க நெறி இது.

வாடிக்கையாளரும் வாங்குபவரே

வலையமைப்புக் கருவி வாங்குவோர் வங்கிகள் மட்டும் அல்லர். விருந்தினர் விடுதி நடத்துபவர், தோட்ட அலுவலகம், மருந்துக்கடை, கூட்டுறவுச் சங்கம் என நம் வாடிக்கையாளர் பலரும் இன்று ரவுட்டர் வாங்குகின்றனர். அவர்களுக்குச் சில கேள்விகளைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, இணைப்பு அறுந்தால் வேறு பாதையில் செல்லும் மாற்று இணைப்பு உண்டா? சிறு கடைக்கு வேறு நிறுவனத்தின் சிம் கொண்ட செல்பேசியே போதுமானது. இரண்டாவது, கருவிக்கு எத்தனை ஆண்டுகள் திருத்தம் கிடைக்கும்? மூன்றாவது, பழுது நேர்ந்தால் மாற்றுக் கருவி எத்தனை மணி நேரத்தில் நம் ஊருக்கு வரும்? தலைநகரில் நான்கு மணி நேரம் என்று எழுதப்பட்ட வாக்குறுதி மலைமேல் அதே பொருள் தருவதில்லை. ஊர்ப்பெயரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். நான்காவது, மின்சாரம் நின்றால் யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும்? ஐந்தாவது, நாளை வேறு நிறுவனத்துக்கு மாறினால் எவற்றை மாற்ற வேண்டியிருக்கும்?

ரவுட்டருடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். விருந்தினருக்கு வழங்கும் வைஃபையும், கல்லாக் கணினியும் கார்டு தேய்க்கும் கருவியும் இணைந்திருக்கும் வைஃபையும் தனித்தனியே இருத்தல் நன்று.

இணைப்பு இல்லாத நாளில்

எவ்வளவு முன்னேற்பாடு செய்தாலும் ஏதேனும் ஒருநாள் தடை நேரும். 2024 ஜூலை 31 அன்று, சிறிய வங்கிகளுக்குத் தொழில்நுட்ப வசதி வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அதனைத் தன் அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் சேவை தடைப்பட்டதாகவும், மறுநாள் சீரானதாகவும் செய்திகள் வெளியாயின. பல வங்கிகள் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதன் விளைவை அது காட்டியது. அதற்கு முன்பே, 2023 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு அவ்வாண்டு அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய வழிகாட்டுதல், தொழில்நுட்பப் பணிகளை வெளியாருக்கு அளிக்கும் வங்கிகள் ஒரே நிறுவனத்தை அளவுக்கு மீறிச் சார்வதன் இடரை மதிப்பிட வேண்டும் என்றும், விலகும் வழியையும் வகுத்திருக்க வேண்டும் என்றும் கூறியுள்ளது.

தடை நேரும் நாளில் வாடிக்கையாளருக்குள்ள பாதுகாப்புகளையும் அறிந்திருத்தல் வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டிருந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் அது திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் அவரைச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். காலம் கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாள்களில் தக்க விடை கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

பணம் சென்றதா இல்லையா என்ற ஐயம் இருக்கும்போது அதே தொகையை உடனே மீண்டும் அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். முதலில் கணக்கு இருப்பைச் சரிபார்ப்பதே நல்லது. இணைய வசதி இல்லாத இடத்தில் செல்பேசி அழைப்புக்கான சமிக்ஞை மட்டும் இருந்தால், *99# சேவையையும், 2022 மார்ச்சில் தொடங்கிய யு.பி.ஐ. 123பே சேவையையும் சாதாரணச் செல்பேசியிலேயே பயன்படுத்தலாம். சேவை தடைப்பட்ட செய்தி பரவும் நாளில், ‘உங்கள் கணக்கைச் சரிசெய்கிறோம்’ என்று கூறி ஓ.டி.பி. கேட்போரும் கிளம்புவர். எந்த வங்கியும் ஓ.டி.பி.யைக் கேட்பதில்லை. ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

வலையமைப்புத் தொழில் ஆண்டுதோறும் புதிய கருவிகளையும் புதிய பெயர்களையும் கொண்டுவரும். அவற்றை மதிப்பிட நாம் கையாள வேண்டிய அளவுகோல் பழையதே: மலையிலிருந்து இறங்கி வந்த வாடிக்கையாளர், வந்த வேலையை முடித்துக்கொண்டு அன்றே வீடு திரும்பினாரா? ‘ஆம்’ என்று சொல்லும் வகையில் வலையமைப்பை அமைப்பதும் காப்பதும் வங்கிகளின் கடமை. இல்லையெனில் காரணத்தைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அந்த உரிமையைத் தயங்காமல் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.